சாரலை மட்டும் பார்த்து ஊர் பிடிக்கலாமா? தென்காசி, கோத்தகிரி, ஓசூர்

கேள்வி, 9 ஜூலை 2022

எனக்கு 59, மனைவிக்கு 55. பெரம்பூரில் அடுக்குமாடி வீடு. சென்னை வெயில் போதும் போதும் என்றாகிவிட்டது. ஓய்வுக்குப் பிறகு தெற்கே, வெயில் குறைந்த சின்ன ஊராகப் பார்த்து ஒதுங்கலாம் என்று நினைப்பு. போன வாரம் குற்றாலம் போய் மூன்று நாள் தங்கினோம். அந்தக் காற்றும் சாரலும் மனசை விட்டுப் போகவில்லை. பாவூர்சத்திரம் தாண்டி, ஆலங்குளம் போகிற வழியில் 5 சென்ட் மனை பார்த்தாயிற்று. "குற்றாலச் சாரல் வீசும் மனைகள்" என்று போர்டே வைத்திருக்கிறார்கள். ஆடி பிறப்பதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா? இல்லை, குன்னூர், ஓசூர் பக்கம் பார்ப்பது நல்லதா?

10 ஜூலை 2022

கொடுக்காதீர்கள். ஆடிக்குள் மட்டுமல்ல, தை பிறந்தாலும் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு முழு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

நான் தொலைபேசித் துறையில் இருந்தவன். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் வெளியே வந்தோமே, அதில் நானும் ஒருவன். அம்பத்தூரில் இருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, முதலில் கோத்தகிரியில் ஆறு மாதம் இருந்தோம். பிறகு போன வருடம் ஆவணியில் தென்காசிக்கு வந்தோம். இன்னும் வாடகை வீடுதான்.

நீங்கள் பார்த்த மனைக்கு வருகிறேன். சாரல் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அந்தப் போர்டை நம்ப மாட்டீர்கள். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நின்று தடுக்கிறது. ஆரியங்காவு பக்கம் அந்தச் சுவரில் ஒரு இடைவெளி. ஈரக்காற்று அந்த வழியாகப் புகுந்து செங்கோட்டை, குற்றாலம், தென்காசி மேல் தூவிவிட்டுப் போகிறது. கிழக்கே போகப் போக ஈரம் வற்றிவிடும், காற்று மட்டும் மிஞ்சும். ஜூலை மாதம் தென்காசியில் குடை பிடித்துக்கொண்டு பஸ் ஏறி ஆலங்குளத்தில் இறங்கிப் பாருங்கள். குடை காய்ந்திருக்கும், சட்டை வேர்வையில் நனைந்திருக்கும். ஒரே மாவட்டம், அரைமணிச் சொச்சப் பயணம், ஆனால் வேறு சீதோஷ்ணம்.

இன்னொன்றும் செய்யுங்கள். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் இந்த மாதம் ஒரு மாலை நேரம் போய் நில்லுங்கள். உள்ளே நுழையும்போது ஒரு இடத்தில் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். நாலு எட்டு வைத்தால் அதே காற்று முன்னாலிருந்து நெஞ்சில் தள்ளும். என் மனைவி முதல் தடவை முந்தானையைப் பிடிப்பதா, பூக்கூடையைப் பிடிப்பதா என்று திண்டாடினாள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று அன்று எனக்கும் தோன்றியது. அதனால் உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது.

10 ஜூலை 2022, இரவு

காலையில் எழுதியதைப் படித்தால் தென்காசியே வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. மூன்று நாள் பார்த்து மனை வாங்காதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

16 ஜூலை 2022

குன்னூர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குன்னூரில் நான் இருந்ததில்லை, கோத்தகிரியில் இருந்தேன். இரண்டும் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், குளிரும் மழையும் பெரிதாக மாறாது.

மைத்துனர் வீடு சும்மா கிடந்தது. 2020 செப்டம்பரில் போனோம். முதல் மாதம் சொர்க்கம்தான். காலையில் தேயிலைச் செடிமேல் பனி உட்கார்ந்திருக்கும், மின்விசிறி என்ற பொருளே வீட்டில் கிடையாது. இரண்டாவது மாதம் மனைவியின் முட்டி பேச ஆரம்பித்தது. வீட்டிலிருந்து ரோட்டுக்கு 43 படி. பால் வாங்க 43, காய் வாங்க 43. மலை ஊரில் சமதளம் என்பது பணக்காரப் பொருள். பஸ் ஸ்டாண்டும் மைதானமும் தவிர எல்லாம் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம்.

நவம்பரில் மழை பிடித்தது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனதை அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவரும் ஒரு கதையாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் வராது. பெரிய வைத்தியம் என்றால் மலையிறங்கி மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோயம்புத்தூர். முப்பது கிலோமீட்டருக்கு மேல் வளைவுச் சாலை, மூடுபனி வேறு. நாற்பது வயதில் அந்தப் பாதை அழகு. அறுபது வயதில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சில் படுத்திருக்கும்போது ஒவ்வொரு வளைவையும் எண்ண வேண்டியிருக்கும்.

ஓசூர் நல்ல காற்று, சுமார் 900 மீட்டர் உயரம், பெங்களூர் ஆஸ்பத்திரிகள் பக்கம். ஆனால் அதைச் சின்ன ஊர் என்று சொல்லாதீர்கள். 2019இல் மாநகராட்சியே ஆகிவிட்டது. சிப்காட் லாரிகளும் பெங்களூர் போகிற கூட்டமும் உள்ள இடம். சென்னையை விட்டு ஓடுகிறவருக்கு அது சரிப்படாது.

21 ஆகஸ்ட் 2022

ஒரு மாதமாக எழுதவில்லை. காரணம் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

என் மனைவிக்கு இளைப்பு உண்டு. சென்னைப் புகையிலிருந்து தப்பினால் குறையும் என்று நம்பித்தான் இங்கே வந்தோம். புகை இல்லை, உண்மை. ஆனால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் வீட்டுக்குள் எதுவும் காயாது. துவைத்த துணி மூன்று நாள் கொடியில் கிடந்து ஒரு வாடை அடிக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். தீக்குச்சி உரசினால் மருந்து உதிரும், பற்றாது. பீரோவைத் திறந்து அவளுடைய கல்யாணப் புடவையை எடுத்தேன். அரக்குப் பட்டு முழுக்கக் கடுகு தெளித்த மாதிரி வெள்ளைப் பொட்டுகள். பீரோவை இழுத்துப் பார்த்தால் பின்சுவர் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். ஒரு மாதமாக அந்தச் சுவரை ஒட்டிய கட்டிலில்தான் அவள் படுத்திருந்தாள்.

8ஆம் தேதி ராத்திரி ஒன்றரை மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பம்ப் அடித்தும் அடங்கவில்லை. எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பி சட்டை கூடப் போடாமல் வண்டியை எடுத்தார். முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் வெளிவிளக்கு எரிந்தது, உள்ளே டாக்டர் இல்லை. அங்கே பத்து நிமிடம் போனது. அடுத்து அரசு ஆஸ்பத்திரி. போன உடனே உட்காரவைத்து நெபுலைசர் வைத்தார்கள். கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார்கள். ஐம்பத்தைந்து கிலோமீட்டர். நாலுவழிச் சாலை வேலைக்காக ரோட்டைக் கொத்திப் போட்டிருந்தார்கள், அங்கங்கே மாற்றுப்பாதை. ஒன்றரை மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஊர் முடிவு என்னுடையது, அவள் எனக்காக வந்தவள். வழியெல்லாம் அது ஒன்றுதான் ஓடியது.

இப்போது நன்றாக இருக்கிறாள். நான்கு நாள் திருநெல்வேலி ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தோம்.

23 ஆகஸ்ட் 2022

பூசணத்துக்கு என்ன செய்தோம் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பீரோவுக்குள் பழைய குண்டு பல்பு ஒன்றைப் பகலில் எரியவிடச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. இந்த ஊரின் பழைய வைத்தியமாம், வேலை செய்கிறது. துணி படாமல் தள்ளி மாட்ட வேண்டும், வெளியே போகும்போது அணைத்துவிட வேண்டும். கட்டில், பீரோ எல்லாவற்றையும் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போட்டோம். முக்கியமாக, வீட்டையே மாற்றினோம். பழையது மேற்குப் பார்த்த தரைத்தளம், சாரல் நேராக சுவரில் அறையும். புதியது கிழக்குப் பார்த்தது, மேற்கே இன்னொரு வீடு மறைப்பு. சொந்த வீடாக இருந்தால் இதைச் செய்திருக்க முடியுமா?

4 செப்டம்பர் 2022

நான் சொன்னதில் ஒரு திருத்தம். ஆஸ்பத்திரி என்றதும் திருநெல்வேலியை மட்டும் சொல்லிவிட்டேன். தென்காசிக்காரர்கள் பாதிப் பேர் பெரிய வியாதிக்கு மலை தாண்டித் திருவனந்தபுரம்தான் போகிறார்கள். இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீ சித்திரா, புற்றுநோய்க்கு ஆர்சிசி. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது, அந்தப் போக்குவரத்து இன்னும் அறுபடவில்லை.

ஆனால் அது அவசரத்துக்கான வழி இல்லை, நாள் குறித்துப் போகிற வழி. புளியரை தாண்டியதும் மலைப்பாதை, அதில் கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகிற லாரி வரிசை. ஒரு லாரி நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். ரயிலும் உண்டு. மீட்டர்கேஜை எடுக்க 2010இல் நிறுத்தி, அகலப் பாதையாக 2018இல் திறந்தார்கள். பதின்மூன்று கண் பாலத்தின் மேல் போகும்போது ஜன்னலை விட்டு நகர மாட்டீர்கள்.

சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, அங்கே ராத்திரி சாப்பிட்டு ஏறினால் காலைக் காப்பிக்குத் தென்காசி. மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் எடுத்ததிலிருந்து முழுக்கட்டணம். வருடத்தில் நாலு தடவை இரண்டு பேர் போய்வருகிற செலவைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

13 நவம்பர் 2022

மனை பற்றி எழுதச் சொல்லி மறுபடி கேட்டிருக்கிறீர்கள். என் கதையையே சொல்கிறேன்.

பிப்ரவரியில் இலஞ்சி பக்கம் ஒரு மனை பார்த்தேன். மூன்று பக்கமும் வயல், தூரத்தில் மலை, அதில் வெள்ளைக் கோடாக அருவி. அட்வான்சுக்குப் பணம் எடுத்து வைத்தாயிற்று. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனபோது, வரப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, எடம் வாங்கப் போறியளா?"

ஆமாம் என்றேன்.

"ஐப்பசி, கார்த்திகைல வந்து பாத்தியளா?"

இல்லை என்றேன்.

"குளத்து மறுகால் தண்ணி இது வழியாலா போகும். இப்ப காஞ்சு கெடக்குங்கவும் தெரியல."

மறுகால் என்றால் குளம் நிரம்பி வழிகிற தண்ணீர். அவ்வளவுதான் சொன்னார், மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து புலப்படத்தை, அதாவது நிலத்தின் அளவு வரைபடத்தை, எடுத்துப் பார்த்தேன். மனைக்கு வடக்கே மெல்லிய இரட்டைக் கோடாக வாய்க்கால் இருக்கிறது. தரையில் அது இல்லை, மண் போட்டு நிரவி கல் ஊன்றியிருந்தார்கள். வில்லங்கச் சான்றில் வில்லங்கம் எதுவும் இல்லை. தண்ணீர் பத்திரம் எழுதிக்கொண்டு வருவதில்லையே.

அதனால் பத்திரம் பார்ப்பதோடு நிற்காதீர்கள். பட்டா, மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கம் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் பாருங்கள், நஞ்சையா புஞ்சையா என்று தெரியும். அங்கீகாரம் இல்லாத மனையா என்று கேளுங்கள். 2016 அக்டோபர் 20க்கு முன்னால் பிரித்த மனைகளுக்குத்தான் 2017இல் வந்த, அங்கீகாரம் இல்லாததை முறைப்படுத்துகிற வரன்முறைத் திட்டம். அதற்குப் பின் பிரித்ததை "வரன்முறை வாங்கித் தருகிறோம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மலையடிவாரக் கிராமங்கள் பல மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் இருக்கின்றன, அங்கே வீடு கட்டத் தனி அனுமதி வேண்டும்.

30 ஏப்ரல் 2023

இதை மத்தியானம் இரண்டு மணிக்கு எழுதுகிறேன். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது, காற்று சூடாக வருகிறது. குற்றாலத்தில் மெயின் அருவிப் பாறை காய்ந்து நிற்கிறது, ஓரமாக நூல் மாதிரி ஒழுகுகிறது. கடைகள் பாதி மூடிக் கிடக்கின்றன, குரங்குகள் கூட நிழலை விட்டு இறங்கவில்லை.

தென்காசி பிப்ரவரி கடைசியில் காய ஆரம்பித்தால் மே முடிய வெயில்தான். சென்னையோடு ஒப்பிட்டால் கசகசப்பு இல்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் மலைக்காற்று இறங்கும், மொட்டை மாடியில் தூங்கலாம். பகல் மட்டும் பகல்தான். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் இந்த மாதம் ஐந்து நாளைக்கு ஒருமுறை.

ஊர் பார்க்க வருவதென்றால் இப்போது வாருங்கள். இந்த வெயிலில் பிடித்தால்தான் பிடித்தது என்று கணக்கு.

2 மே 2023

ஒருவர் கேட்டார்: இவ்வளவு குறை சொல்கிறீர்களே, பிறகு ஏன் அங்கேயே இருக்கிறீர்கள்?

நடக்கலாம், அதனால். வீட்டிலிருந்து பால் பூத் 200 எட்டு, கோயில் பத்து நிமிடம், காய்கறிச் சந்தை பன்னிரண்டு நிமிடம், ரயில் நிலையம் கால்மணி. எல்லாம் சமதளம். அம்பத்தூரில் ரோட்டைக் கடக்கவே எனக்கு மகன் கை வேண்டியிருந்தது. இங்கே என் மனைவி தனியாகச் சந்தைக்குப் போய், பேரம் பேசி, வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கி வருகிறாள். பத்து வருடமாக அவள் இப்படித் தனியே போய் நான் பார்த்ததில்லை.

21 டிசம்பர் 2023

நாங்கள் பத்திரமாக இருக்கிறோம். விசாரித்த எல்லாருக்கும் நன்றி.

17, 18 இரண்டு நாளும் பெய்ததை மழை என்று சொல்லக் கூடாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் தண்டவாளத்தில் சிக்கி, நூற்றுக்கணக்கானவர்கள் ரயிலுக்குள்ளேயே கிடந்தார்கள். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் பட்ட பாட்டில் தென்காசி தப்பித்தது என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் திருநெல்வேலி ஜங்ஷனே தண்ணீரில் நின்றபோது எனக்கு அந்த ஆகஸ்ட் ராத்திரிதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு இளைப்பு வந்திருந்தால் எங்கே கொண்டுபோயிருப்பேன்?

நேற்று வெயில் அடித்ததும் இலஞ்சிக்குப் போனேன். அந்த மனையைப் பார்க்கத்தான். ஒருவர் வாங்கி அஸ்திவாரம் போட்டு, பேஸ்மெண்ட் வரை எழுப்பியிருக்கிறார். அதைச் சுற்றி முழங்கால் அளவு செந்தண்ணீர், ஓடிக்கொண்டிருக்கிறது, தேங்கியது அல்ல. சிமெண்ட் மூட்டைகள் கல்லாகி வரிசையாக உட்கார்ந்திருந்தன. கட்டியவர் யாரென்று தெரியாது, வயிறு கலங்கியது. அவருக்கு மாடு மேய்க்கிறவர் யாரும் வந்து சொல்லவில்லை.

22 மே 2024

சின்னக் குறிப்பு. போன வெள்ளிக்கிழமை பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். நாம் நிற்கிற இடத்தில் மழையே இருக்காது, மேலே மலையில் பெய்திருக்கும், தண்ணீர் நிறம் மாறுவதற்குள் வந்து சேர்ந்துவிடும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் போலீஸ் விசில் அடிக்கும் முன்பே கரையேறப் பழக்குங்கள். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் சட்டம்.

குன்னூரை இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு: இந்த மாதம் 7ஆம் தேதியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். உள்ளூர்க்காரருக்கு இல்லை. ஆனால் உங்களைப் பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு உண்டு.

11 ஆகஸ்ட் 2024

சீசன் நன்றாக இருக்கிறது. நேற்று சுந்தரபாண்டியபுரம் போனோம், சூரியகாந்தி வயல் ஓரம் கேரள வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. திரும்பும்போது குற்றாலத்தில் மங்குஸ்தான் வாங்கினோம். மனைவி பழத்தின் ஓட்டை அமுக்கிப் பிளந்து வெள்ளைச் சுளையை எடுத்துக் கொடுத்தாள், விரலெல்லாம் கருஞ்சிவப்புக் கறை. பார்டர் புரோட்டாவுக்கு டாக்டர் மாதம் ஒருமுறை அனுமதி கொடுத்திருக்கிறார், அதைச் சீசனுக்கென்று சேர்த்து வைத்திருக்கிறேன்.

வாடகை ஏறுகிறது. 2019 நவம்பர் 22இல் தனி மாவட்டமானதிலிருந்து அலுவலகங்கள் வந்தன. மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இருப்பதால் இளைஞர்களும் வீடு தேடுகிறார்கள். 2021இல் எங்கள் தெருவில் 6,500 கொடுத்த மாதிரி வீடு இன்று 9,500. இரண்டு வருடத்துக்கு முன் "வாடகைதான் மலிவு" என்று ஒருவருக்குத் தனியாக எழுதியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். இப்போது மலிவு என்பதற்காக இல்லை, வீடு மாற்றலாம் என்பதற்காகவே வாடகை.

ஆலங்குளம் நாலுவழிச் சாலையில் இப்போது திருநெல்வேலி ஒரு மணி நேரத்துக்குள். 2022இல் நான் பயந்த பயத்தில் பாதி அதோடு போய்விட்டது.

19 ஜனவரி 2025

பெரம்பூர்க்காரர் எழுதியிருக்கிறார். ஆலங்குளம் வழி மனையை விட்டுவிட்டாராம். வருகிற சித்திரையில் வந்து ஒரு வருடம் வாடகைக்கு இருக்கப் போகிறாராம், வீடு பார்த்துத் தர முடியுமா என்று கேட்கிறார்.

ஐயா, பார்த்தாயிற்று. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கிழக்குப் பார்த்த வாசல், தரைத்தளம், வாசற்படி இரண்டே. மேற்குச் சுவருக்கு மறைப்பு உண்டு, நானே கைவைத்துப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது. ஆனால் இது தை மாதம். ஆடியில் மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும், அதுவரை அந்தச் சுவர் ஓரம் கட்டில் போடாதீர்கள். வாடகை 9,000, அட்வான்ஸ் ஐந்து மாதம் கேட்டார், மூன்றாகக் குறைத்திருக்கிறேன். ஆட்டோக்காரத் தம்பியிடம் உங்கள் நம்பர் கொடுத்தாயிற்று, அவருடையதை வாங்கி போனில் முதல் எண்ணாகப் போட்டுக்கொள்ளுங்கள். சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கும். பொதிகையில் வந்தால் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள், ஸ்டேஷனுக்கு வருகிறேன். வீட்டில் இட்லி ஊற்றச் சொல்லிவிடுகிறேன்.